சென்ட்ரல் லாக் மக்கர் செய்கிறதா? மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கார் கதவு லாக் ஆகவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது புது மோட்டார் வாங்கி மாட்டுவதுதான். மோட்டார் மாறிவிடும், கோளாறு அப்படியே இருக்கும். ஃபியூஸ், எர்த், கதவோரத்தில் அறுந்த ஒயர், கிரீஸ் காய்ந்து இறுகிப்போன லாக், நழுவிய கம்பி என்று சந்தேகப்பட வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதில் பாதியைக் காதால் கேட்டே பிரித்துவிடலாம்.

நான் சொல்லப்போவது மாருதி 800, பழைய ஆல்டோ, ஜென் மாதிரி வண்டிகளில் அக்சஸரீஸ் கடையில் தனியாகப் போடும் சென்ட்ரல் லாக் கிட் பற்றி. கம்பெனியிலேயே வந்த லாக் என்றாலும் தேடும் முறை கிட்டத்தட்ட இதேதான், ஒயர் நிறமும் எண்ணிக்கையும் மட்டும் வேறாக இருக்கும்.

டாஷ்போர்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி, ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு மோட்டார், இவ்வளவுதான் கிட். டிரைவர் கதவு மோட்டாரில் ஐந்து ஒயர் வரும், மற்றவற்றில் இரண்டிரண்டு. அந்த இரண்டில் 12 வோல்ட் ஒரு திசையில் போனால் லாக், திருப்பிக் கொடுத்தால் அன்லாக். டிரைவர் கதவில் கூடுதலாக உள்ள மூன்றும் மோட்டாருக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி சுவிட்சுக்குப் போகின்றன. நீங்கள் சாவி திருகும்போது லாக்கையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பி அசைந்து அந்த சுவிட்சைத் தட்டுகிறது, பெட்டிக்குத் தகவல் போகிறது, அது எல்லா மோட்டாருக்கும் ஒரு நொடி கரண்ட் விடுகிறது. இடது பக்கக் கதவைச் சாவி போட்டுத் திறந்தால் மற்றவை திறக்காமல் இருப்பது இதனால்தான், அது ரிப்பேர் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் டிரைவர் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லாக்கை நோண்டும்போது வண்டி தானாகப் பூட்டிக்கொள்வது சாதாரணம்.

முதல் வேலை, கேட்பது. வண்டிக்குள் உட்கார்ந்து டிரைவர் கதவின் லாக் குமிழைக் கையால் அழுத்துங்கள். டாஷ்போர்டு அடியிலிருந்து 'டக்' என்று ரிலே சத்தம் வருகிறதா?

சத்தமே இல்லை, எந்தக் கதவும் அசையவில்லை என்றால் கதவைப் பிரிக்கவே வேண்டாம். பெட்டிக்குப் போகும் சிவப்பு ஒயரில் தனியாக ஒரு ஃபியூஸ் தொங்கும், அதைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும், பெரிதாகப் போட்டாலோ கம்பி சுற்றினாலோ ஒயரிங் கருகும். அடுத்து எர்த் ஒயர், பாடியில் ஸ்குரூ முடுக்கிய இடத்தில் துரு பிடித்திருந்தால் சுரண்டி முடுக்குங்கள். இரண்டும் சரி, ரிமோட்டும் போட்டிருந்து அதில் எல்லாக் கதவும் வேலை செய்கிறது, குமிழை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்தக் குட்டி சுவிட்சோ அதன் ஒயரோதான் போயிருக்கிறது.

லாக் ஆன மறு நொடியே திரும்பத் திறந்துகொள்கிறதா? இந்தக் கோளாறுக்குப் பலர் பெட்டியை மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் டிரைவர் கதவின் கம்பி முழுத் தூரம் போகாமல் சுவிட்ச் பாதியில் நிற்பதுதான் காரணம், கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் சரிசெய்தால் போதும்.

ஒரே ஒரு கதவு மட்டும் சத்தமில்லாமல் இருந்தால் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒயர் போகும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கதவை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும்போது அங்கே ஒயர் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்துபோகும், வெளித்தோல் நன்றாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. ஒருவரை ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லிக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் வேலை செய்தால் சந்தேகமே வேண்டாம். ரப்பர் குழாயைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு ஒயராக இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். செம்பு அறுந்த இடத்தில் தோல் ரப்பர் பேண்ட் போல நீளும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் கொஞ்ச நாளில் திரும்ப அறுந்துவிடும், புதுத் துண்டு வைத்து சால்டர் செய்யுங்கள், ஜாயிண்ட் மடங்கும் இடத்தில் வராதபடி கதவுக்குள்ளேயோ பாடிக்குள்ளேயோ தள்ளிவிடுங்கள்.

இதுவும் சரியாக இருந்தால்தான் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்ற வேண்டும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிதான் புதியவர்களைப் படுத்தும், ஸ்குரூவே தெரியாது. அதன் பின்னால் ஒரு வளைந்த கம்பி கிளிப் இருக்கிறது. பழைய பனியன் துணியைப் பட்டையாகக் கிழித்து, கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் நுழைத்து, ஷூ பாலிஷ் போடுவதுபோல் இரு பக்கமும் இழுங்கள், கிளிப் துள்ளி வெளியே வரும் (எங்கே விழுகிறது என்று கண் வைத்துக்கொள்ளுங்கள்). ஆர்ம்ரெஸ்ட், உள் கைப்பிடி ஸ்குரூக்களைக் கழற்றி, பேடைக் கீழ் மூலையிலிருந்து கை கொடுத்து இழுத்தால் பிளாஸ்டிக் கிளிப்கள் ஒவ்வொன்றாக விடும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரியுங்கள்.

மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயருக்கும் ஒரு பைக் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் தொட்டு எடுங்கள். ஃபியூஸ் வைத்த ஒயராக இருக்கட்டும். ஒரு நொடிக்கு மேல் வேண்டாம், சூடாகிவிடும். டிரைவர் கதவு என்றால் ஐந்தில் தடிமனான இரண்டைத்தான் தொட வேண்டும், பெரும்பாலும் நீலமும் பச்சையும். ஒயரை மாற்றித் தொட்டால் எதிர்த்திசையில் ஓட வேண்டும். இரு பக்கமும் பலமாக அடித்தால் மோட்டார் நல்ல மோட்டார், கரண்ட்தான் வரவில்லை. அதை மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது சுலபம், ஒரு நொடி வந்துபோகும் கரண்டை டிஜிட்டல் மீட்டர் சில நேரம் தவறவிடும். 'கிர்ர்' என்று சுற்றுகிறது, தள்ளவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அப்போது புதுசு வாங்கலாம், சில நூறு ரூபாய்தான்.

மோட்டார் அசைந்தும் குமிழ் அசையாவிட்டால் மோட்டாரின் கம்பியையும் லாக்கின் கம்பியையும் இணைக்கும் கிளாம்ப் ஸ்குரூவைப் பாருங்கள், லூசாகிக் கம்பி நழுவியிருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டுக் குமிழைக் கையால் ஏற்றி இறக்கியும் பாருங்கள். கைக்கே கனமாக இருந்தால் எந்த மோட்டாரைப் போட்டாலும் திணறத்தான் செய்யும். கதவின் ஓரத்தில் இருக்கும் லாக்கில் டபிள்யூடி-40 அடித்து, பழைய பிசுக்கு கரைந்து வடிந்ததும் துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வையுங்கள். ஸ்பிரே மட்டும் அடித்து விட்டால் சீக்கிரமே திரும்ப இறுகும்.

பேடை மாட்டும் முன் கதவின் அடியில் உள்ள தண்ணீர் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். அப்புறம் அந்த பிளாஸ்டிக் ஷீட், அதைச் சோம்பல்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஷீட் இல்லாவிட்டால் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் பேடை ஊறவைத்துக் காலடி மேட் வரை வந்துவிடும்.