இன்டர்கூலரை எங்கே மாட்டுவது? முதலில் காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள்

35 டிகிரி வெயிலில் 1 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) அடிக்கும் டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 130 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தக் காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. அதை 55 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்று ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். நாக்கிங்கும் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) தள்ளிப்போகும்.

இடம் தேடுபவர்கள் பெரும்பாலும் காற்று எங்கே வந்து அடிக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். கோரின் (இன்டர்கூலரில் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் அடுக்கிய நடுப்பகுதி) முன்பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் பின்பக்கம் குறைவாகவும் இருந்தால்தான் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். பின்னால் வழி அடைத்திருந்தால் எவ்வளவு பெரிய கோரும் வெட்டிச் சுமைதான்.

இன்ஜின் தலைக்கு மேல் மாட்டுவது சுபாரு இம்ப்ரெசா டர்போ, பழைய 3.0 லிட்டர் ஃபார்ச்சூனர் டீசல் வழி. பைப் குட்டை, வேலை சுலபம். ஆனால் சிக்னலில் நின்றால் இன்ஜின் சூடு கோரில் ஏறிவிடும்; வண்டி ஓடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கும். பானெட்டில் ஸ்கூப் (காற்றை அள்ளும் வாய்) இல்லாத காரில் இந்த இடத்தை நினைக்கவே வேண்டாம். ஸ்கூப் இருந்தாலும், அதற்கும் கோருக்கும் நடுவே ஃபோம் வைத்து அடைக்காவிட்டால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும்.

பக்கவாட்டு இடத்துக்கு நல்ல உதாரணம் நம் ஊருக்கு வந்த முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, 150 குதிரைத்திறன். கம்பெனி இன்டர்கூலர் முன் சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்டாக் பூஸ்டுக்கு அது போதும். முதலில் சக்கர லைனரை (வளைவின் உட்புற உறை) கழற்றிப் பாருங்கள்: காய்ந்த இலை, சேறு, செத்த பூச்சி எல்லாம் ஃபின்களில் அப்பியிருக்கும். தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, லைனரின் காற்று வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். வழியே இல்லாத லைனரை யாராவது மாட்டியிருந்தால் அதுதான் குற்றவாளி.

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்து பூஸ்டை ஏற்றியவர்களுக்கு மட்டும் முன்பக்க மாட்டல், அதாவது பம்பருக்குப் பின்னால், ஏசி கண்டென்சருக்கு முன்னால். இங்கே தடிமனுக்கு ஆசைப்படாதீர்கள். 76 மிமீ கோரின் பின்பாதி, முன்பாதி சூடாக்கிய காற்றைத்தான் வாங்குகிறது. போதாததற்கு டிராஃபிக்கில் ஏசியும் சொதப்பும். சாலையில் ஓடும் காருக்கு 50 முதல் 60 மிமீ தடிமன், கிடைக்கும் அகலம் முழுக்க நீளம் என்பதே சரி.

பம்பரைக் கழற்றியதும் மோதலைத் தாங்கும் கிராஷ் பீமை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், ஏர்பேக் சென்சரையும் நகர்த்தாதீர்கள். கோர் பீமுக்குக் கீழே அடங்காவிட்டால் சின்னக் கோர் வாங்குங்கள். ஹாரனை மட்டும் இடம் மாற்றலாம். 3 மிமீ இரும்புப் பட்டையில் மேலே இரண்டு பிராக்கெட், கீழே இரண்டு ரப்பர் புஷ், எம்8 போல்ட். கண்டென்சருக்கும் கோருக்கும் 15 மிமீ இடைவெளி வேண்டும். உரசினால் கேஸ் லீக் நிச்சயம். கோரின் ஓரங்களுக்கும் பம்பர் திறப்புக்கும் நடுவே அலுமினியத் தகடு வைத்து அடையுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது, பலனில் பாதி இதில்தான்.

டர்போ பக்கம் 50 மிமீ பைப், த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) பக்கம் 57 அல்லது 63 மிமீ போதும். லேக் (பூஸ்ட் வரத் தாமதம்) வருமே என்று பைப் நீளத்துக்குப் பயப்படுவதைவிட வளைவுகளைக் குறையுங்கள். பைப் முனையில் பீட் (ஹோஸ் நழுவாமல் தடுக்கும் மேடு) அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்டில் ஹோஸ் கழன்று பறக்கும். நான்கு அடுக்கு சிலிகோன் ஹோஸும் டி-போல்ட் க்ளாம்ப்பும் போடுங்கள். இன்ஜின் அசையும் என்பதால் ஹோஸுக்குள் இரண்டு பைப் முனைகளுக்கும் நடுவே 10 மிமீ விடுங்கள். மாட்டும்முன் ஹோஸுக்குள் ஹேர் ஸ்ப்ரே அடித்தால் சுலபமாக வழுக்கி ஏறும், காய்ந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வைத்து ஏற்றாதீர்கள்.

பழைய இன்டர்கூலரைக் கவிழ்த்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் சகஜம். ஊற்றும் அளவுக்கு இருந்தால் டர்போ சீலையோ இன்ஜின் ஆவி வெளியேறும் பிரீதரையோ முதலில் கவனியுங்கள். டீசல் காரில் இது விளையாட்டல்ல: தேங்கிய எண்ணெயை இன்ஜின் இழுத்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் லீக் டெஸ்ட். டர்போ அவுட்லெட் ஹோஸைக் கழற்றி, அதில் வால்வு வைத்த மூடி போட்டு, மெதுவாக 1 பார் வரை காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். த்ராட்டில் வழியாகக் கொஞ்சம் காற்று போகும், அது கணக்கில்லை. இணைப்பில் கசிவை விட்டுவைத்தால், சென்சர் அளந்த காற்று வெளியே போய்விட, பெட்ரோல் மட்டும் முழுசாக விழும், கரும்புகை, திணறல்.

ஓட்டும்போது காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் இன்டேக் வெப்பநிலையைப் பாருங்கள். ஹைவேயில் முழு த்ராட்டிலில் வெளிவெப்பத்தைவிட 15, 20 டிகிரி கூடுதல் என்றால் நல்லது. 30க்கு மேல் என்றால் ஓரத்தகடுகளை மறுபடி பாருங்கள். கோருக்கு முன்னும் பின்னும் பூஸ்ட் கேஜ் வைத்தால் இழப்பு 0.1 பாரைத் தாண்டக் கூடாது. சில நாள் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது எல்லா க்ளாம்ப்பையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.