அப்பத்தா பாட்டிலிருந்து சொந்தப் பாட்டு கட்டுவது எப்படி

கிராமியப் பாட்டு எழுத உட்காருகிறவர்கள் பலர் முதல் வரியிலேயே 'பச்சைப் பசேல் வயலே' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வயலில் குனிந்து வேலை பார்த்தவர் யாரும் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.

அங்கே போய் "ஒரு பாட்டுப் பாடுங்க அப்பத்தா" என்று கேட்டால் "எனக்கென்னப்பு தெரியும்" என்றுதான் பதில் வரும். "நடவுக்கு எத்தனை பேர் போவீங்க, யாரு முதல்ல எடுத்துக் குடுப்பா?" என்று கேளுங்கள், பேச்சோடு பேச்சாகப் பாட்டும் வந்துவிடும். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் கேட்காதீர்கள். நான் விளக்கு வைக்கிற நேரத்தில் நடுவீட்டில் உட்கார்ந்து கேட்டு, அத்தையிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய்த்தான் பாட வைத்தேன்.

பதிவுக்கு உங்கள் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, மடித்த துண்டின்மேல் வையுங்கள். கோழி கத்தினால் கத்தட்டும். இரண்டாவது தடவை வேறு வார்த்தை போட்டுப் பாடினால் திருத்தாதீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துதான் முக்கியமான வேலை. பதிவைக் கேட்கும்போது வார்த்தையை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். நடவு நடுகிறவர் குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே பாடுகிறார், அதனால் வரி குட்டையாகத்தான் இருக்கும், மற்றவர்கள் 'தன்னானே' போடுகிற அந்த இடைவெளியில் அவர் அடுத்த வரியைக் கட்டிவிடுவார். கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது சால், அதாவது தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம், இறங்கி ஏறுகிற நேரம்தான் ஒரு வரி, எத்தனையாவது சால் என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். 'ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை' என்று சும்மாவா சொன்னார்கள்? ஆகவே கிடாரை எடுக்காமல், முதலில் கைதட்டியோ நடந்துகொண்டோ மெட்டைப் பாடிப் பாருங்கள். கிடார் முந்திக்கொண்டால் குரலின் குழைவு போய்விடும் என்பது என் அனுபவம். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர், 1985-இல் 'ஆண்பாவம்' படத்திலும் வந்தார். சினிமாவுக்குப் போயும் அந்தக் குரலில் கொல்லங்குடி அப்படியே இருந்தது, தேடிக் கேளுங்கள்.

சரி, வார்த்தைக்கு வருவோம். 'கண்மாய் வற்றிவிட்டது' என்பது செய்தி. கண்ணால் பார்த்ததை வையுங்கள் (கழுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற இடம்):

கழுங்குமேல தண்ணி போயி
காலம் எத்தன ஆச்சு – இப்பக்
கம்மாக்குள்ள கருவ மொளச்சுக்
கரிமூட்டமாப் போச்சு

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. எங்கள் சிவகங்கைப் பக்கம் தண்ணீர் நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி போடுகிறார்கள், அதை எழுதினேன், மோனை தானாக வந்து விழுந்தது. உங்கள் ஊரில் வேறு மரம் இருக்கும், வேறு தொழில் இருக்கும்.

மெட்டு அவர்களுடையது என்றால் பாட்டை வெளியிடும்போது பெயரைப் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். 'பாரம்பரிய இசை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது திருட்டுக்குப் பக்கத்தில் வருகிறது.

ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் எதிரில் பாடிக் காட்டுங்கள். அப்பத்தா என் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மொளச்சு'ல அவ்வளவு இழுக்காதப்பு, குனிஞ்சு பாடுனா மூச்சு முட்டும்."