சிப்பிப்பாறை நாய்க்கு ‘இரு’ பழக்குவது எப்படி?

எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தால் நேரே ரோடு. கோவில்பட்டியில் மினிபஸ்ஸும் லோடு ஆட்டோவும் ஓடுகிற தெரு. சாயங்காலமானால் மேய்ச்சல் முடிந்த ஆடுகளும் இதே வழியாகத்தான் திரும்பும். வீட்டில் வளர்வதோ செவலை என்ற சிப்பிப்பாறை. கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம்; மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் நம்பும். எதிரே ஒன்று ஓடினால் கால் தானாகக் கிளம்பிவிடும். இப்படிப்பட்ட நாய்க்குக் கைகொடுக்கத் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ‘இரு’ என்றால் இருக்கத் தெரிய வேண்டும்.

அடிக்காமல், அதட்டாமல், தீனி கொடுத்தே பழக்கினேன். பயந்து உட்கார்ந்திருக்கிற நாய், நம் தலை மறைந்ததும் எழுந்துவிடும். இருந்தால் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட நாய் நாம் திரும்பி வரும்வரை காத்திருக்கும்.

முதலில் தீனி. உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் ஈரல், பட்டாணி அளவுக்கு நறுக்கியது. குழம்புக் கறியைக் கழுவிக் கொடுக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. பயிற்சியில் தின்ற அளவை ராத்திரிச் சோற்றில் குறைத்துவிடுங்கள். சோறு வைப்பதற்கு முன்னால் மூன்று நான்கு நிமிடம் பழக்கினால் போதும். அதற்குமேல் நாய்க்கும் அலுத்துவிடும், நமக்கும் குரல் ஏறிவிடும்.

இன்னொன்று, இந்த நாய்களை உட்காரச் சொல்லிப் படுத்தாதீர்கள். மெலிந்த உடம்பு, நீளமான கால், இறுகிய தொடை. குத்தவைத்து ரொம்ப நேரம் இருப்பது பலவற்றுக்குச் சிரமம். வெறும் சிமெண்ட் தரையும் எலும்பில் குத்தும். ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதில் படுக்க வையுங்கள். சாக்கில் இன்னொரு வசதியும் உண்டு. தன் இடம் எதுவரை என்பது நாய்க்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

சாக்கில் படுத்ததும் உள்ளங்கையைக் காட்டி ‘இரு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அது எழுவதற்குள், ஒரு நொடியிலேயே, முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு துண்டை வையுங்கள். இரண்டு நொடி கழித்து இன்னொன்று. அப்புறம் ‘போகலாம்’ என்று சொல்லி எழுப்பிவிடுங்கள். எழுந்த பிறகு தீனி கிடையாது. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நாய் பொறுமையாக இருக்கும், “வா!” என்று கூப்பிட்டு, ஓடி வந்ததும் கொடுப்பார்கள். அப்போது நாய் கூலி வாங்குவது எழுந்து வந்ததற்கு. அடுத்த முறை நாம் எப்போது கூப்பிடுவோம் என்று உடம்பை முறுக்கிக்கொண்டே இருக்கும். எத்தனை அடி தள்ளிப் போனாலும் நீங்களே திரும்பி நடந்து வந்து, அது இருக்கிற இடத்திலேயே கொடுங்கள்.

விடுவிக்கிற வார்த்தையாக ‘சரி’ வேண்டாம். போனில் பேசும்போது நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும், பாட்டி உட்பட.

நேரத்தைக் கூட்டும்போது படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஐந்து நொடி, பிறகு இரண்டு, பிறகு எட்டு, பிறகு மூன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கஷ்டம் என்றால் யாருக்குத்தான் ஆசை வரும்? அரை நிமிடம் நிம்மதியாக இருக்கிறது என்றால் ஓரடி பின்னால் வைத்துத் திரும்புங்கள். தூரம் கூடும்போது நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். முதுகைக் காட்டி நடப்பதைத் தனிப் பாடமாக எடுங்கள், நாய்க்கு அது வேறு விஷயம்.

எழுந்து வந்துவிட்டால் திட்ட வேண்டாம். பேசாமல் சாக்குக்குக் கூட்டிப்போய், அதைவிடச் சுலபமாக ஒன்று கேளுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை எழுந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் மனசு சங்கடப்படுகிறது என்பதற்கான அடையாளம். அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி கேட். செவலைக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்தது இதுதான். கழுத்துப் பெல்ட்டில் நீளக் கயிறு மாட்டி, மறுமுனையை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் தாழ்ப்பாளில் கை மட்டும் வைத்தேன். இருந்தான், போய்க் கொடுத்தேன். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் ஒரு சாண் திறப்பு. அவன் எழுந்தால் கேட் மூடும், இருந்தால் இன்னும் கொஞ்சம் திறக்கும். கத்த வேண்டிய அவசியமே இல்லை, கேட்டே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

ஆட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கோடியில் மந்தை புள்ளியாகத் தெரியும்போதே தொடங்கினேன். காது விறைத்து, ஆனாலும் படுத்தே இருக்கும் அந்த நொடியில் ஈரல். ஆடு கிட்டே வரவர இடைவெளி விடாமல் ஒவ்வொரு துண்டாக. ஓடுகிற ஆட்டுக்குட்டி வேறு கணக்கு. எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் திறந்த ரோட்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டு ‘இரு’ என்ற வார்த்தையை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் தீனி தேவையில்லை. சில தடவை கொடுத்து, சில தடவை தடவிக்கொடுத்தால் போதும். நடைக்குக் கிளம்பும்போது கேட் திறந்து வெளியே போவதே அவனுக்குப் பெரிய கூலி. ஆடு வரும் நேரத்துக்கு மட்டும் இன்றும் ஈரல்தான்.