வேறு பிராசசரில் விஎம் எழும்பவில்லையா? டைம் அவுட்டைக் கூட்டாதீர்கள்

விஎம் என்பது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி (விர்ச்சுவல் மெஷின்); அதை ஸ்கிரிப்ட் வழியாக எழுப்பும் கருவி வேக்ரண்ட். இன்டெல் லேப்டாப்பில் வருடக்கணக்காக ஓடிய வேக்ரண்ட்ஃபைல் (அந்த ஸ்கிரிப்ட்), புது மேக்கில் 'வேக்ரண்ட் அப்' கொடுத்ததும் அப்படியே நின்றுவிடும். 2020 நவம்பரில் எம்1 மேக்குகள் வந்ததிலிருந்து பல டீம்களில் இதே கதைதான்: சிலரிடம் இன்டெல், சிலரிடம் ஆர்ம் (எம்1 போன்ற ஆப்பிள் சிப்களின் வகை), எல்லோருக்கும் ஒரே ஸ்கிரிப்ட். கோளாறு பிராசசர் ஆர்கிடெக்சரில், அதாவது பிராசசர் புரிந்துகொள்ளும் கட்டளை வகையில், இருக்கிறது. ஆனால் திரையில் வரும் எரர் அதை நேராகச் சொல்வதில்லை. நெட்வொர்க் போனது மாதிரியோ, எஸ்எஸ்ஹெச் (விஎம்முக்குள் நுழையும் வழி) சாவி சரியில்லாதது மாதிரியோ, வெறும் மந்தம் மாதிரியோதான் தெரியும். அதனால் ஆட்கள் வேறு இடத்தில் தேடிப் பொழுதைத் தொலைக்கிறார்கள்.

அதில் முதலிடம் டைம் அவுட்டுக்கு. விஎம் எழும்ப வேக்ரண்ட் வழக்கமாக 300 விநாடி காத்திருக்கும். அதற்குள் வரவில்லை என்றால் 600, அப்புறம் 1200 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். சில சமயம் அப்படிச் செய்தால் விஎம் வந்தும்விடும். வந்துவிட்டால்தான் எனக்குப் பயம். ஏனென்றால் ஆர்ம் மேக்கில் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) இமேஜைக் கியூஎம்யூ என்ற விஎம் மென்பொருள் முழு எமுலேஷனில் (வேறு சிப்பைப் போல நடித்து) ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேக்கில் ஹைப்பர்வைசர் ஃப்ரேம்வொர்க், லினக்ஸில் கேவிஎம், விஎம்மை நேராக சிபியூவிலேயே ஓட்டவைக்கும் இவை இரண்டுமே ஹோஸ்டும் (நம் கணினி) கெஸ்டும் (உள்ளே ஓடும் விஎம்) ஒரே ஆர்கிடெக்சரில் இருந்தால்தான் உதவும். இல்லையென்றால் கெஸ்டின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்த்தாக வேண்டும். அப்புறம் டெஸ்ட் ஒரு தடவை ஓடும், மறுதடவை விழும். பழி கோடின் மேல் போகும். காத்திருக்கும் நேரத்தைத் தொடாதீர்கள், ஆர்ம் இமேஜுக்கு மாறுங்கள்.

"ரொசெட்டா இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ரொசெட்டா, இன்டெல் மேக்குக்கான ஆப்களை ஆர்ம் மேக்கில் ஓட்டும் ஆப்பிளின் மென்பொருள். அது மொழிபெயர்ப்பது செயலிகளை (ஆப்களை) மட்டும். ஒரு முழு எக்ஸ்86 இயங்குதளத்தின் கெர்னலை (மையப் பகுதியை) அது ஓட்டித் தராது. 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து, ஆர்ம் லினக்ஸ் விஎம்முக்குள் எக்ஸ்86 செயலிகளை ரொசெட்டா வழியாக ஓட்ட முடிகிறது. அங்கேயும் கெர்னல் ஆர்ம்தான். விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸிலும் இதே குழப்பம். 2024 செப்டம்பரில் வந்த 7.1 பதிப்பு ஆப்பிள் சிலிக்கானில் நன்றாக இன்ஸ்டால் ஆகும், ஆனால் அதில் ஓடுவது ஆர்ம் கெஸ்ட்கள். உங்கள் பழைய எக்ஸ்86 பாக்ஸ் (வேக்ரண்டுக்கான ரெடிமேட் விஎம் இமேஜ்) அதில் எழும்பாது.

அடுத்தது, பலர் சந்தேகமே படாத இடம்: டெர்மினல். எம் வரிசை மேக்கில் டெர்மினலே ரொசெட்டா வழியாகத் திறந்திருந்தால், 'யூநேம் -எம்' என்ற கட்டளை ஆர்ம்64 என்று சொல்லாது, எக்ஸ்86_64 என்றுதான் சொல்லும். அதை நம்பும் ஸ்கிரிப்ட் தப்பான பாக்ஸை இறக்கும். 'சிஸ்கண்ட்ரோல்' கட்டளையில் 'ப்ராக்_ட்ரான்ஸ்லேட்டட்' மதிப்பைக் கேளுங்கள். 1 வந்தால் ரொசெட்டாவுக்குள் இருக்கிறீர்கள். ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் நல்ல துப்பு. ஆர்ம் ஹோம்ப்ரூ 'ஆப்ட்' ஃபோல்டருக்குள் இருக்கும், இன்டெல் ஹோம்ப்ரூ 'யூஎஸ்ஆர் லோக்கல்' ஃபோல்டரில் இருக்கும். பழைய இன்டெல் மேக்கிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக்கொண்டவர்கள் இதை முதலில் பாருங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரே ஆர்கிடெக்சரை மேக் ஆர்ம்64 என்கிறது, லினக்ஸ் கெர்னல் ஏஆர்ச்64 என்கிறது, டெபியன் பேக்கேஜ்கள் மறுபடி ஆர்ம்64 என்கின்றன. 'யூநேம்' தந்த சொல்லை நேராக டவுன்லோட் முகவரியில் ஒட்டினால் பாதி இடங்களில் 404 வரும். ஸ்கிரிப்டின் தலையில் ஒரே இடத்தில் இந்தப் பெயர்களை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தெரியாத பெயர் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும், 'மற்றதெல்லாம் இன்டெல்' என்று அனுமானித்து ஓடக்கூடாது.

கியூஎம்யூவை நேரடியாக ஸ்கிரிப்டில் கூப்பிடுபவர்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி, எரரே இல்லாத கருப்புத் திரை. எக்ஸ்86இல் எதுவும் சொல்லாமலே கிடைத்த பல விஷயங்களை ஆர்மில் நாம்தான் சொல்ல வேண்டும். மெஷின் வகை 'விர்ட்' என்று கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு சிபியூவைச் சொல்லாமல் விட்டால், கியூஎம்யூ வழக்கமாக எடுத்துக்கொள்வது கார்டெக்ஸ்-ஏ15, அதாவது 32 பிட் சிபியூ. 64 பிட் கெர்னல் அதில் மூச்சே விடாது. ஹார்டுவேர் உதவியோடு ஓடினால் 'ஹோஸ்ட்' என்றும், எமுலேஷனில் ஓடினால் 'மேக்ஸ்' என்றும் கொடுங்கள். வழக்கமான டிஸ்க் இமேஜ் பூட் ஆக யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஃபைலையும் தனியாகக் காட்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் திரை கருப்பாகவே இருந்தால் கன்சோலை (பூட் செய்திகள் வெளிவரும் இடத்தை) பாருங்கள். எக்ஸ்86இல் சீரியல் கன்சோல் டிடிஒய்எஸ்0, ஆர்ம் 'விர்ட்' மெஷினில் டிடிஒய்ஏஎம்ஏ0. கெர்னல் வரியில் பழைய பெயரே இருந்தால், விஎம் நன்றாக எழும்பியிருக்கும், நமக்குத்தான் ஒரு வரியும் தெரியாது.

விஎம் வந்துவிட்டது, உள்ளே பேக்கேஜ் இறங்கவில்லை என்றால் உடனே டிஎன்எஸ்ஸைக் குடையாதீர்கள். உபுண்டு 22.04, 24.04 பதிப்புகளில் ஆர்ம்64 பேக்கேஜ்கள் வழக்கமான 'ஆர்க்கைவ்' சர்வரில் கிடையாது, 'போர்ட்ஸ்' சர்வரில் இருக்கின்றன. கிளவுட் இமேஜ் சரியான முகவரியோடுதான் வருகிறது. நம் ஸ்கிரிப்ட்தான் அதன் மேல் பழைய சோர்ஸஸ் ஃபைலை எழுதிக் கெடுக்கிறது. வெளியார் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) வரியில் ஏஎம்டி64 (எக்ஸ்86_64க்கு டெபியன் வைத்த பெயர்) என்று கையால் எழுதிவைத்திருந்தால் அதைவிட மோசம். ரெப்போ சேர்ந்துவிடும், அப்டேட்டும் ஓடிவிடும், கடைசியில் பேக்கேஜ் மட்டும் கிடைக்கவில்லை என்று வரும். அந்த இடத்தில் 'டிபிகேஜி' (டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் கருவி) தரும் ஆர்கிடெக்சர் பெயரை மாறியாக வையுங்கள்.

நெட்வொர்க் கார்டின் பெயரும் அப்படித்தான். விர்ச்சுவல்பாக்ஸில் இஎன்பி0எஸ்3 என்று பார்த்த பெயர் கியூஎம்யூவில் மாறலாம். நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பில்) அந்தப் பெயரை நிலையாக எழுதியிருந்தால் விஎம்முக்கு ஐபி கிடைக்காது, வேக்ரண்டோ எஸ்எஸ்ஹெச் டைம் அவுட் என்று சொல்லும். பெயருக்குப் பதில் 'மேட்ச்' பகுதியைப் பயன்படுத்துங்கள். கிளவுட்-இனிட்டில் (விஎம் முதல் பூட்டில் தன்னை அமைத்துக்கொள்ளும் கருவியில்) திருத்தம் செய்துவிட்டு அதே டிஸ்க்கை ரீபூட் செய்தாலும் பெரும்பாலானவை மறுபடி ஓடாது; இன்ஸ்டன்ஸ் ஐடியை மாற்றுங்கள், அல்லது புது டிஸ்க்கில் தொடங்குங்கள்.

லினக்ஸ் ஹோஸ்டில் விர்ச்சுவலைசேஷன் இருக்கிறதா என்று 'சிபியூஇன்ஃபோ'வில் விஎம்எக்ஸ், எஸ்விஎம் தேடும் வரி பல ஸ்கிரிப்ட்களில் உண்டு. அவை இன்டெல், ஏஎம்டி கொடிகள். ஆர்ம் சர்வரில் கேவிஎம் நன்றாக வேலை செய்தாலும் இந்தச் சோதனை தோற்கும். 'டெவ்' ஃபோல்டரில் கேவிஎம் சாதனம் இருக்கிறதா, நமக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சொந்தமாக பாக்ஸ் கட்டுபவர்கள் இரண்டு ஆர்கிடெக்சருக்கும் கட்டி ஒரே பெயரில் வெளியிடுங்கள். வேக்ரண்ட் 2.4.0 முதல் ஹோஸ்டுக்குப் பொருந்துவதைத் தானே தேர்ந்தெடுக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. அதனால் வேக்ரண்ட்ஃபைலின் முதல் வரியிலேயே 2.4.0க்குக் குறைந்தால் ஓடாதபடி 'ரிக்வயர் வெர்ஷன்' போட்டுவிடுங்கள்.