மீட்டிங்குக்குள் விடவில்லையா? பாஸ்வேர்டை மாற்றும் முன் ஐடியைப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் எங்கள் கம்ப்யூட்டர் உதவி டெஸ்க் போன் ஓயாது. பத்து மணிக்கு எல்லா டீமுக்கும் வாராந்தர மீட்டிங். "சார், உள்ளே விடமாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். நேற்று ஞாயிறு என்பதை நான் சொல்லிக்காட்டுவதில்லை. அதற்குள் அவர் ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டிருப்பார், லேப்டாப்பை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்திருப்பார், பாஸ்வேர்டையும் மாற்றியிருப்பார். நான் கேட்பது ஒன்றுதான்: "வலது பக்கம் மேலே உங்க போட்டோ இருக்கிற வட்டத்தை அமுக்குங்க. அதுல என்ன மெயில் ஐடி காட்டுது?" கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம், "ஐயோ, இது என் பொண்ணோட ஐடி சார்." லாக்டவுனில் ஆன்லைன் வகுப்புக்காகப் போட்ட கணக்கு இன்னும் அதிலேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான். பாஸ்வேர்டு சரி, நெட் சரி, ஆப்பும் சரி. ஆள்தான் வேறு கணக்கில் இருக்கிறார்.

திரையில் வரும் வரியைப் படிக்காமல் மூடுவது

உள்ளே விடாதபோது மென்பொருள் சும்மா விடுவதில்லை, காரணத்தையும் சொல்கிறது. நாம்தான் அதைப் படிக்காமல் மூடிவிட்டு லிங்க்கைத் திரும்பத் திரும்பச் சொடுக்குகிறோம். ஜூமில் 'ஹோஸ்ட் (மீட்டிங்கை நடத்துபவர்) இன்னும் தொடங்கவில்லை' என்று வந்தால் உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். 'ஹோஸ்ட் விரைவில் உங்களை அனுமதிப்பார்' என்று வந்தால் நீங்கள் வெயிட்டிங் ரூமில் இருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் யாருக்காவது வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். 'அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்' என்று வந்தால்தான் கணக்குப் பிரச்சினை. நீங்கள் லாகின் செய்யவில்லை, அல்லது தப்பான ஐடியில் செய்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் எல்லாரும் மூன்றுக்கும் சேர்த்து ஆப்பை அழிக்கிறார்கள்.

'மீட்டிங் ஐடி செல்லாது' என்பது இன்னொன்று. எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கலாம். ஜூமில் திட்டமிட்ட மீட்டிங்கின் எண் 11 இலக்கம், ஒருவரின் நிரந்தரத் தனி எண் 10 இலக்கம். எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். இலக்கம் சரியாக இருந்தால் லிங்க் காலாவதியாகியிருக்கலாம். ஒரே ஒரு நாளுக்குப் போட்ட ஜூம் மீட்டிங்கின் எண், குறித்த தேதியிலிருந்து 30 நாளில் செத்துவிடும். போன மாத அழைப்பிதழைத் தேடி எடுத்து அதையே அமுக்கிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே பிரவுசரில் நாலு கணக்கு

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கூகுள் மீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே குரோமில் சொந்த ஜிமெயில், ஆபீஸ் மெயில், பழைய கம்பெனியின் மெயில் என்று மூன்று கணக்கு திறந்திருக்கும். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் எந்தக் கணக்கில் முதலில் லாகின் செய்தீர்களோ அதையே கூகுள் முதன்மைக் கணக்காக வைத்துக்கொள்ளும். அழைப்பு வந்தது ஆபீஸ் மெயிலுக்கு. நீங்கள் லிங்க்கைச் சொடுக்குகிறீர்கள். மீட்டோ உங்களைச் சொந்த ஜிமெயிலோடு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அழைப்பில் பெயர் உள்ள ஐடியாக இருந்தால் நேராக உள்ளே போயிருப்பீர்கள். இப்போது வெளியாள் மாதிரி 'சேர அனுமதி கேள்' என்ற பொத்தான் வருகிறது. அதை அமுக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, "மேனேஜர் என்னை வேணும்னே உள்ளே விடலை" என்று மனக்கசப்போடு வந்தவரும் உண்டு. மேனேஜருக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ 'ஸ்வீட் ராஸ்கல்' என்ற பெயரில் கதவைத் தட்டினார் என்பதுதான்.

டீம்ஸில் இது வேறு வடிவத்தில் வரும். மைக்ரோசாஃப்டில் சொந்தக் கணக்கு வேறு, ஆபீஸ் அல்லது பள்ளிக் கணக்கு வேறு. ஒரே மெயில் முகவரியில் இரண்டும் இருக்கும் ஆட்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். லாகின் செய்யும்போது 'இது வேலைக் கணக்கா, சொந்தக் கணக்கா' என்று கேட்கும். அவசரத்தில் எதையோ தொட்டுவிடுவார்கள். போதாததற்கு, வாடிக்கையாளர் நிறுவனம் உங்களை விருந்தினராகச் சேர்த்திருந்தால் அதுவும் அதே ஐடியில் தனி வீடு மாதிரி. உங்கள் கம்பெனி டீம்ஸில் நின்றுகொண்டு அவர்களின் குழுவைத் தேடினால் கிடைக்காது. சுயவிவரப் படத்தைத் தொட்டு நிறுவனத்தை மாற்ற வேண்டும்.

ஆப்பிள் பொத்தானில் இன்னொரு வில்லங்கம். ஐபோனில் 'ஆப்பிள் கணக்கால் நுழை' என்று தொட்டு, 'என் மெயிலை மறை' என்பதைத் தேர்ந்துவிட்டால், ஆப்பிள் உங்களுக்காக ஒரு புரியாத முகவரியை உருவாக்கிக் கொடுக்கும். அழைப்புப் பட்டியலில் அந்த முகவரி எங்கே இருக்கப்போகிறது? உங்களுக்கே தெரியாத ஐடியில் புதுக்கணக்கு ஒன்று திறந்ததுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் நான் சொல்லும் வழி ஒன்று. லிங்க்கைக் காப்பி செய்து, பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து அங்கே ஒட்டுங்கள். அதில் எந்தக் கணக்கும் திறந்திருக்காது. ஆபீஸ் ஐடியை மட்டும் போட்டு நுழையுங்கள். அங்கே வேலை செய்தால் ஆப்பில் ஒரு குறையும் இல்லை, கணக்குக் குழப்பம்தான். நிரந்தரமாகச் சரிசெய்ய, குரோமிலோ எட்ஜிலோ ஆபீஸுக்கென்று தனி புரொஃபைல் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இல்லாத பாஸ்வேர்டை மாற்றப் பார்ப்பது

"பாஸ்வேர்டு தப்புங்குது, ரீசெட் பண்ணாலும் மெயில் வரலை." எப்போதாவது அந்த மென்பொருளில் பாஸ்வேர்டு வைத்தீர்களா என்று கேட்டால் யோசிப்பார்கள். முதல் நாள் 'கூகுளில் நுழை' என்ற பொத்தானையோ, கம்பெனியின் எஸ்எஸ்ஓ (ஒரே ஆபீஸ் லாகினில் பல மென்பொருளுக்குள் நுழையும் வசதி) பொத்தானையோ அமுக்கி வந்திருப்பார்கள். அப்படி வந்தவருக்கு அங்கே பாஸ்வேர்டே இல்லை. எந்த வாசல் வழியாக முதலில் வந்தீர்களோ அதே வாசல்தான். எஸ்எஸ்ஓ என்றால், காலையில் ஆபீஸ் மெயிலுக்குப் போடும் அதே பாஸ்வேர்டு. அதை மாற்றுவதும் கம்பெனி பக்கத்தில்தான், மீட்டிங் ஆப்பில் கிடையாது.

அடுத்தது, நினைவில் இருக்கும் எல்லாப் பாஸ்வேர்டையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் வேலைக் கணக்குகளில் இயல்பு அமைப்பின்படி 10 தடவை தப்பினால் கணக்கு ஒரு நிமிடம் பூட்டிக்கொள்ளும். விடாமல் முட்டினால் பூட்டும் நேரம் கூடிக்கொண்டே போகும். பொதுவாக ஒரே தப்பான பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டால் அது எண்ணிக்கையில் ஏறாது, ஆனால் எல்லாக் கம்பெனி அமைப்பிலும் அப்படியில்லை. புதுப்புதுத் தப்புகள்தான் ஏறும். ஆக, பிள்ளை பெயர், பிறந்த வருஷம், குலதெய்வம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்தான் சீக்கிரம் மாட்டுவார்.

ஒருவருக்குத் தினமும் காலையில் கணக்குப் பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டால் மறுநாள் திரும்பவும் பூட்டு. யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று அவர் தூங்கவே இல்லை. ஒரு வாரம் தேடினோம். கடைசியில் பார்த்தால், வீட்டில் குழந்தை பாட்டுப் பார்க்கும் பழைய டேப்லெட்டில் ஆபீஸ் மெயில் ஏறியிருந்தது, பழைய பாஸ்வேர்டோடு. அவர் பாஸ்வேர்டு மாற்றிய நாளிலிருந்து அந்த டேப்லெட் சளைக்காமல் பழையதை வைத்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றினால் போன், டேப்லெட், பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அல்லது கணக்கை நீக்கிவிடுங்கள்.

புது போன் வாங்கும் நாள்

ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப், பழைய போனில் இருக்கும். புதுப் போன் வந்த சந்தோஷத்தில் பழையதை ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவார்கள். எண் போச்சு, கணக்கும் போச்சு. பழைய போனைக் கொடுக்கும் முன் ஆத்தென்டிகேட்டரைப் புதுப் போனுக்கு மாற்றி, ஒரு தடவை லாகின் செய்து பார்த்துவிட வேண்டும். கூகுள் கணக்கென்றால் எட்டு இலக்கத்தில் 10 பேக்கப் எண்கள் தரும். அவற்றை அச்செடுத்து வீட்டில் வையுங்கள், போனிலேயே வைத்தால் பிரயோஜனமில்லை.

எண் சரியாகத் தட்டியும் 'தப்பு' என்று வந்தால் போன் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது, 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். யாராவது போன் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் அவ்வளவுதான், என்ன தட்டினாலும் பொருந்தாது. தானியங்கி நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

நீங்கள் லாகின் செய்யாமலே 'அனுமதிக்கவா?' என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தால், தொல்லை தாங்காமல் 'சரி' கொடுத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்தது இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு வரிசையாகக் கோரிக்கை அனுப்பி, ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டான்.

பத்துப் பேருக்கு ஒரே லைசென்ஸ்

சின்ன ஆபீஸ்களில் இது சகஜம். காசு கொடுத்து ஒரே ஒரு ஜூம் கணக்கு வாங்கி எல்லாரும் அதிலேயே நுழைவார்கள். ஆனால் ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேப்லெட், ஒரு போன், அவ்வளவுதான். சேல்ஸில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் நுழைந்தால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் வெளியே வந்துவிடுவார். இருவரும் ஒருவரையொருவர் தள்ளிவிடுவது தெரியாமல், இருவருமே நெட்டைத் திட்டுவார்கள். சந்தேகம் வந்தால் ஜூம் ஓடிபி கேட்கும். ஓடிபி முதலாளியின் மெயிலுக்குப் போகும். முதலாளி அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் பந்தியில் இருப்பார்.

மீட்டிங் சரியாக 40ஆவது நிமிடத்தில் அறுந்தால் நெட்டைச் சந்தேகிக்காதீர்கள். அது ஜூம் இலவசக் கணக்கின் எல்லை. ஹோஸ்ட் தன் சொந்த ஐடியிலிருந்து மீட்டிங் போட்டிருக்கிறார், அல்லது லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவச எல்லை 60 நிமிடம்.

வேலையை விட்டுப் போனவர் போட்ட வாராந்தர மீட்டிங்கும் இப்படித்தான் ஒரு நாள் திடீரென்று நிற்கும். கணக்கை நீக்கும் முன் அவருடைய மீட்டிங்குகளை வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற ஜூமில் வசதி உண்டு. கடைசி நாளன்று கேக் வெட்ட எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, இதற்குத்தான் இல்லை.

தப்பு உங்களுடையது இல்லாதபோது

2025 ஏப்ரல் 16ஆம் தேதி, இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி, ஜூமின் இணைய முகவரியே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் காணாமல் போனது. சர்வர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முகவரியைப் பதிந்து பராமரிக்கும் நிறுவனங்களுக்குள் நடந்த தகவல் குழப்பத்தில் அந்த முகவரியைத் தவறுதலாக முடக்கிவிட்டார்கள். அமெரிக்கக் கிளையன்ட்டுக்காக அந்த நேரத்தில் விழித்திருந்து ஆப்பை அழித்துப் போட்டவர்களின் உழைப்பெல்லாம் வீண். இரண்டு பேருக்கு மேல் ஒரே பிரச்சினை என்றால் முதலில் அந்த மென்பொருளின் ஸ்டேட்டஸ் பக்கத்தை, அதாவது சேவை ஓடுகிறதா என்று காட்டும் இணையப் பக்கத்தை, திறந்து பாருங்கள்.

சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் டீம்ஸுக்குள் நுழையும்போது, 'இங்கிருந்து அங்கே போக முடியாது' என்ற பொருளில் மைக்ரோசாஃப்ட் ஒரு வரி காட்டும், ஏதோ டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி. பதிவு செய்த சாதனத்திலிருந்துதான் வர வேண்டும் என்று உங்கள் கம்பெனி வைத்த விதி அது. விபிஎன் (வேறு வழியாக இணையத்தில் நுழைய வைக்கும் மென்பொருள்) போட்டு உருட்டாதீர்கள், அட்மினிடம் கேளுங்கள்.

மீட்டிங்கில் ஒரு ஆளும் இல்லையா? மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரைக்கு இருந்த நியூயார்க் பத்து மணி மீட்டிங், மார்ச்சில் ஏழரைக்கு வந்துவிடும்.

உதவி கேட்கும் விதம்

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி, முதலில் வந்ததைக் கூப்பிடாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறார்கள். திரையைப் பார்க்கும் ஆப்பைப் போடச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது நல்லதுதான், ஆனால் ஆபீஸ் குரூப்பில் போடும் முன் அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். 2020 நவம்பரில் ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர்களின் ரகசிய வீடியோ கூட்டத்துக்குள் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் நுழைந்து கையசைத்தார். நெதர்லாந்து அமைச்சரின் ட்விட்டர் பக்கத்தில் வந்த படத்தில் லாகின் முகவரியும், ஆறு இலக்கப் பின் எண்ணில் ஐந்தும் தெரிந்திருக்கின்றன. மிச்சம் ஓர் இலக்கம்தானே.

போன வாரம் கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு அக்கா அனுப்பிய மெசேஜ் இது: "தம்பி, டீம்ஸ், ஆபீஸ் ஐடியில்தான் இருக்கேன். லாபின்னு காட்டுது. 10.05லிருந்து காத்திருக்கேன். இன்காக்னிட்டோலயும் அதேதான். மத்தவங்க உள்ளே போயிட்டாங்க." லாபி என்பது டீம்ஸின் வெயிட்டிங் ரூம். ஐடி, செய்தி, நேரம், சோதித்துப் பார்த்தது எல்லாம் அந்த மெசேஜில் இருந்தது. ஹோஸ்டுக்கு ஒரு போன் போட்டேன். 10.09க்கு அக்கா உள்ளே.