தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியராகப் போவது எப்படி: சான்றிதழ் முதல் பருவ விடுமுறை வரை

நான் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். பிறகு தெற்குத் தாய்லாந்தில் நகோன் சி தம்மராத் என்ற ஊரில், ஒரு மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். "வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டு நம்மை யார் எடுப்பார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கிறார்கள். பிலிப்பினோக்கள், இந்தியர்கள், ஆப்பிரிக்க நாட்டவர் என்று நிறையப் பேர் அங்கே ஆங்கிலம் நடத்துகிறார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் போராடிக் கற்றவருக்கு, நாக்கு எந்த இடத்தில் இடறும் என்று நன்றாகத் தெரியும். இந்த வேலையில் நம் கைமுதல் அதுதான். ஆனால் காகித வேலை வரிசை தப்பாமல் நடக்க வேண்டும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: ஆறு மாதம் முன்பே சான்றிதழ்களைத் தயார் செய்யுங்கள்

தாய்லாந்தில் பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கும். முதல் பருவம் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கம் வரை. இரண்டாம் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆள் எடுப்பது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கொஞ்சம் அக்டோபரிலும் உண்டு. மே மாதம் வகுப்பில் நிற்க வேண்டுமென்றால் முந்தின நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பட்டப்படிப்பு கட்டாயம். எந்தப் பாடத்தில் என்பதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பி.எட். இருந்தால் பெரிய பலம். பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், கேட்டால் அதற்கும் மேல் தாய்லாந்துத் தூதரக முத்திரை. சென்னையிலேயே தாய்லாந்தின் துணைத் தூதரகம் இருப்பது நமக்கு வசதி. போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம். சில பள்ளிகள் பல்கலைக்கழகத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சான்றும் கேட்கும். அது வர வாரக்கணக்கில் ஆகும், ஆகவே முதல் நாளே மனுப் போடுங்கள்.

நம் ஊர்க்காரர்களை அதிகம் அலையவிடுவது இனிஷியல். பட்டத்தில் "சி. மலர்விழி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடம் காலியாகவே இருக்கும். தாய்லாந்தில் ஒவ்வொருவருக்கும் பெயர், குடும்பப்பெயர் இரண்டும் உண்டு. "சி" என்ற ஒற்றை எழுத்து எதைக் குறிக்கிறது என்று அங்கே உள்ள அலுவலருக்குப் புரியாது. எனக்கு இதனாலேயே மூன்று வாரம் வீணானது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி கையெழுத்துடன் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி, நான்கு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை மட்டும், ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள்.

படி 2: ஆங்கில மதிப்பெண்ணும் டெஃப்ல் சான்றிதழும்

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவரிடம் கேட்காத ஒன்றை நம்மிடம் கேட்பார்கள்: தேர்வு மதிப்பெண். வேலைக்கான ஆங்கிலத் திறனை அளக்கும் டோயிக் தேர்வில் 600 என்பதுதான் பரவலாகக் கேட்கப்படும் அளவு. ஐஈஎல்டிஎஸ் வைத்திருந்தாலும் ஏற்பார்கள். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவருக்கு 600 கஷ்டமில்லை என்றாலும், கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு ஒரு மாதம் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி தரும் 120 மணி நேர டெஃப்ல் படிப்பும் முடித்துவிடுங்கள். இணையத்தில் மட்டும் முடிப்பதைவிட, உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் எடுக்கும் பயிற்சி உள்ளதைத் தேடுங்கள். காசு கொஞ்சம் கூடும், ஆனால் முதல் நாள் கை நடுங்காது.

படி 3: வேலை தேடுவது, ஏமாறாமல் இருப்பது

பாங்காக்கில் போட்டி அதிகம், வாடகையும் அதிகம். மாகாணத் தலைநகரங்களில் தேடுங்கள். எங்கள் பக்கம் நம்மைப் போன்றவர்களுக்கு மாதம் 20,000 முதல் 25,000 பாத் வரை கொடுத்தார்கள். ஒரு பாத் என்பது இரண்டரை ரூபாய்க்கு மேல். தனியாக இருப்பவர் சமாளித்து, கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். கடன் அடைக்கும் திட்டத்தோடு போகிறீர்கள் என்றால் இந்தச் சம்பளம் போதாது, வேறு நாடு பாருங்கள்.

நேர்காணலில் பத்து நிமிட மாதிரிப் பாடம் கேட்பார்கள். இலக்கணம் எடுக்காதீர்கள். நான்கு படம், ஒரு கேள்வி, ஒரு விளையாட்டு போதும். ஏஜென்சி வழியாகப் போனால் சம்பளம் எந்த மாதமெல்லாம் வரும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பல ஒப்பந்தங்கள் பத்து மாதத்துக்குத்தான், ஏப்ரலில் கை காலியாகிவிடும்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2022இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் "தாய்லாந்தில் கணினி வேலை" என்ற பேச்சை நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அடித்து உதைத்து வேலை வாங்கினார்கள். மீட்டுக் கொண்டுவரத் தூதரகம் பாடுபட வேண்டியிருந்தது. பள்ளி வேலை என்று சொல்லி, பள்ளியின் பெயரைச் சொல்லாமல், டிக்கெட்டை மட்டும் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். பள்ளியின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். இந்தியாவில் உள்ள ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: விசா

உங்களுக்கு வேண்டியது வேலைக்குப் போகிறவர்களுக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா. பள்ளி அனுப்பும் அழைப்புக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சுற்றுலாவாக நுழைந்து அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவார்கள். சுற்றுலா அனுமதியில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாலும் அது சட்டவிரோத வேலைதான். பி விசாவில் நுழைந்தால் 90 நாள் கிடைக்கும். அதற்குள் பள்ளி உங்களுக்கு வொர்க் பெர்மிட் எடுக்க வேண்டும், குடிவரவு அலுவலகத்தில் தங்கும் காலத்தை நீட்டிக்க வேண்டும், ஆசிரியர் மன்றத்தில் தற்காலிக அனுமதிக்கு எழுத வேண்டும். அந்த மன்றத்தின் பெயர் குருசபா. நம் குருசபைதான்.

படி 5: முதல் மாதம்

வீடு பள்ளிக்கு அருகில் பாருங்கள், இரண்டு மாத வாடகை முன்பணம் வைத்திருங்கள். நீங்கள் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் டிஎம் 30 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 90 நாளுக்கு ஒருமுறை டிஎம் 47 படிவத்தில் உங்கள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நாட்டைவிட்டு எதற்காக வெளியே போனாலும் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்குங்கள், ஒருமுறைக்கு 1,000 பாத். என்னோடு வேலை பார்த்த ஓர் இந்திய ஆசிரியர் தீபாவளிக்குப் பினாங்கு போனபோது இதை மறந்துவிட்டார். திரும்பும்போது அவர் விசா செத்துவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

அரச குடும்பத்தைப் பற்றி வகுப்பிலும் முகநூலிலும் எதுவும் சொல்லாதீர்கள். குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை உண்டு. காலை 8 மணிக்கு நாட்டுப்பண் ஒலிக்கும்போது எங்கே இருந்தாலும் அசையாமல் நில்லுங்கள்.

படி 6: வகுப்பறை

நாற்பது பிள்ளைகள், ஐம்பது நிமிடம். எல்லோரும் எழுந்து "குட் மார்னிங் டீச்சர்" என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே தலை குனிந்துகொள்ளும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை, நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். ஆகவே யாரையும் தனியாக எழுப்பாதீர்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து, பிறகு இரண்டிரண்டு பேராக, கடைசியில் விரும்புகிறவர் தனியாக. இந்த வரிசையை ஒரு மாதம் விடாமல் கடைப்பிடித்தால் கை தானாக உயரும்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு அட்டையை மடித்து அதில் செல்லப்பெயரை எழுதச் சொல்லுங்கள். முழுப்பெயர் சமஸ்கிருதச் சொற்களில் நீளமாக இருக்கும், யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. ஐஸ், பேங்க், பால் (பந்துதான்) என்றெல்லாம் செல்லப்பெயர் வைத்திருப்பார்கள். ஒரு வாரத்தில் நாற்பதையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அடுத்தது உச்சரிப்பு. தாய் மொழியில் சொல்லின் கடைசியில் "ல்" வராது, அது "ன்" ஆகிவிடும். "ஸ்" வராது, "த்" போல நின்றுவிடும். அதனால் ஸ்கூல் என்பது "சகூன்" ஆகும், ரைஸும் ரைட்டும் ஒன்றுபோலக் கேட்கும். நம்மூரில் "பஸ்ஸு", "கப்பு" என்று கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வதில்லையா, அதே மாதிரிதான் இதுவும். "ல்" வர நான் செய்தது இது: தாய் மொழியில் குரங்குக்கு "லிங்" என்று பெயர். சொல்லின் தொடக்கத்தில் அவர்களுக்கு "ல்" நன்றாக வரும். "ஸ்கூ" எழுதி, பக்கத்தில் ஒரு குரங்குப் படம் ஒட்டி, "ஸ்கூ-லிங்" என்று சொல்ல வைத்தேன். பத்து தடவை சொன்ன பிறகு, நாக்கு மேலே தொட்ட இடத்திலேயே நிறுத்தச் சொன்னேன். பின் வரிசையில் இருந்த ஒரு பையனிடமிருந்து முதல்முறையாகச் சுத்தமான "ஸ்கூல்" வந்தது. அவன் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஸ்" வர, விரலைப் பாம்பு மாதிரி நெளித்துக் காட்டி மூச்சு தீரும்வரை இழுக்க வையுங்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வாய் க்ரூ நடக்கும், ஆசிரியரை வணங்கும் நாள். "க்ரூ" என்பது குரு. வியாழனும் குருவின் நாள்தானே. பிள்ளைகள் தட்டில் கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்: அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ. அருகு போல அறிவு படர வேண்டும், இட்லிப்பூவின் மொட்டுப் போல புத்தி கூர்மையாக இருக்க வேண்டும், கத்தரிப்பூ போலத் தலை தாழ்ந்து பணிவு வேண்டும் என்று பொருள் சொன்னார்கள். அன்று நல்ல உடை உடுத்திப் போங்கள், தட்டை இரண்டு கையாலும் வாங்குங்கள், முழங்காலிட்ட பிள்ளையிடம் ஒரு வார்த்தையாவது வாழ்த்திச் சொல்லுங்கள்.

படி 7: எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பல வெளிநாட்டு ஆசிரியர்கள் இதைத் தொடுவதே இல்லை. தமிழ் படித்தவர் விடவே கூடாது. பல்லவர் எழுத்திலிருந்து கெமர் எழுத்து, அதிலிருந்து தாய் எழுத்து என்று வந்தது. எழுத்து வரிசை க-வில் தொடங்கி ங, அடுத்து ச-வில் தொடங்கி ஞ என்றே போகும். கே, கை என்று நாம் கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுகிறோமே, அவர்களும் அப்படித்தான், குறியை முன்னால் எழுதிவிட்டுப் பின்னால் உச்சரிக்கிறார்கள். ஆங்கிலேயர் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது, நமக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

தினம் நான்கு எழுத்து என்று ஒரு மாதத்தில் முடித்தேன். அப்புறம் பெயர்ப்பலகைகள் பேசத் தொடங்கின. நகோன் என்றால் நகரம். ஆஹான் என்றால் ஆகாரம். பாசா என்றால் பாஷை. ஐந்து தொனிகள்தான் கஷ்டம்: "மை" என்ற ஒலி தொனிக்கேற்ப "இல்லை", "புதிய", "பட்டு", "மரக்கட்டை" என்று மாறும். சந்தையில் காய் விற்கும் அக்காக்களிடம் விலை கேட்டுப் பழகுங்கள். ஆண்கள் வாக்கியத்தின் கடைசியில் "க்ரப்" என்றும் பெண்கள் "க்கா" என்றும் சேர்த்துப் பேசினால் மரியாதை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்ட மஞ்சள் கொடி தொங்கும் கடையைத் தேடுங்கள். மற்றவர்களுக்கு கனோம் சீன் இருக்கிறது. இடியாப்பத்தின் நெருங்கிய உறவு, மேலே காரக் குழம்பு.

படி 8: ஊரைச் சுற்றுவது

முதலில் சொந்த ஊரை முடியுங்கள். சொங்தேவ் என்பது பின்னால் இரண்டு வரிசை இருக்கை போட்ட பிக்கப் வண்டி, கை காட்டினால் நிற்கும். எங்கள் ஊரில் மகாதாது பௌத்தக் கோயிலை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் அதோடு ஹோ ப்ரா இசுவன் போய்ப் பாருங்கள், சிறிய சிவன் கோயில். எதிரே நாராயணனுக்கும் ஒன்று. மேற்குக் கரையில் தகுவா பா அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் சொல்கிறது. பாங்காக் போனால் சீலோமில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில், அரண்மனை பிராமணர்களின் தேவஸ்தான். அங்கே ஆண்டுதோறும் திரியம்பவாய் திரிபவாய் என்ற சடங்கு நடக்கிறது. பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் இருக்கின்றன.

முதல் நீண்ட பயணத்தை அக்டோபர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பத்தலுங் போனேன். காலையில் மூன்றாம் வகுப்பு ரயில், சில பத்து பாத் டிக்கெட், ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். ஏற்கெனவே வாங்கிய சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். அங்கிருந்து வண்டி பிடித்து தலே நோய் ஏரி. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் தாய்லாந்திலிருந்து முதலில் சேர்ந்த இடம் அங்கேதான் இருக்கிறது, 1998இல் அறிவித்தார்கள். விடியற்காலையில் படகு எடுத்தால் செவ்வல்லி விரிந்திருக்கும், எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் மேயும். முந்தின இரவே படகுக்காரரிடம் பேசி நேரத்தையும் விலையையும் முடித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் பூக்கள் மூடத் தொடங்கிவிடும்.