பைக்கில் மலேசியா போய்த் தூரத்துச் சொந்தங்களைப் பார்ப்பது எப்படி?

போன வருட ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வரை பைக்கில் போய், தாத்தாவின் தம்பி குடும்பத்தைத் தேடிப் பிடித்தேன். தாத்தா 1950களில் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வேலை தேடி இங்கே வந்தவர். தம்பி அங்கேயே தங்கிவிட்டார். தாத்தா இறந்த பிறகு போக்குவரத்தும் நின்றுபோனது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். பைக் ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரிய வண்டி எதுவும் வேண்டாம், சிங்கப்பூரில் சின்ன பைக்குக்குத் தரும் 2பி லைசென்ஸும் 200 சிசிக்குள் ஒரு வண்டியும் போதும்.

1. ஆளைத் தேடாதீர்கள், தோட்டத்தைத் தேடுங்கள்

ஃபேஸ்புக்கில் பெயரைப் போட்டுத் தேடி ஒரு மாதம் வீணாக்கினேன். அந்தப் பெயரில் ஊருக்கு நூறு பேர். வழி காட்டியது அலமாரியில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் அடியில் சித்தப்பா, அதாவது தாத்தாவின் தம்பி மகன், பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தது.

அதை அப்படியே மேப்பில் தட்டினேன். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் செம்பனை, கடைசியில் பூட்டிய கேட். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த தோட்டங்கள் பலவற்றில் இதே கதைதான். ஆட்கள் பக்கத்து டவுன் தாமான்களுக்கு (குடியிருப்புப் பேட்டைகளுக்கு) குடிபோய்விட்டார்கள்.

எனவே தோட்டத்துக்குப் போகாமல் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போங்கள். மலேசியாவில் 500க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் மூடி, பள்ளி டவுனுக்கே மாறியிருந்தாலும் பலவற்றில் பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பெயரில் 'லாடாங்' என்று வந்தால் அது தோட்டப் பள்ளி. பள்ளி விடுமுறையாக இருந்தாலும் கேட்டில் ஜாகா (காவலாளி) இருப்பார். எனக்கு வழி சொன்னது அவர்தான். சித்தப்பாவின் பேத்தி அங்கேதான் படிக்கிறாளாம்.

2. முறையைக் கணக்குப் போடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நமக்கு எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. டாக்சி ஓட்டுகிறவர் அங்கிள், காப்பிக்கடைக்காரர் அங்கிள், அப்பாவின் சொந்தத் தம்பியும் அங்கிள். அந்தப் பழக்கத்தோடு போனேன். கைலியோடு கேட்டைத் திறந்த பெரியவரிடம், மரியாதையாகத்தானே இருக்கும் என்று, "வணக்கம் மாமா" என்றேன்.

அவர் கேட்டைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "யாருடா மாமா? ஒங்க தாத்தாவும் எங்கப்பாவும் கூடப் பொறந்தவங்க. நான் ஒனக்குச் சித்தப்பன்." பின்னால் நின்ற அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா என்றால் அவள் எனக்கு முறைப்பெண் ஆகிவிடுவாளே! தங்கச்சிதான் என்று அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

கணக்கு இவ்வளவுதான். தாத்தாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்காளி வழி. அவர்கள் உங்கள் அப்பாவுக்கு உடன்பிறப்பு மாதிரி, எனவே ஆண்கள் பெரியப்பா, சித்தப்பா; பெண்கள் அத்தை. தாத்தாவின் அக்கா தங்கை பிள்ளைகள் மாமன் மச்சான் வழி. அங்கே ஆண்கள் உங்களுக்கு மாமா. பாட்டி பக்கம் என்றால் தலைகீழ்: பாட்டியின் அக்கா தங்கை பிள்ளைகள் பங்காளி மாதிரி, பாட்டியின் அண்ணன் தம்பி பிள்ளைகள் மாமன் வழி. எந்த இடத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் பிரிகிறார்களோ, அங்கேதான் முறை மாறும்.

போகுமுன் இதைத் தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குடும்ப மரம் போட எத்தனையோ ஆப் இருக்கிறது, எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பெரிய தாள், பென்சில், ஓரத்தில் நிறைய வெற்றிடம். நான் தாத்தாவையும் தம்பியையும் மட்டும் போட்டிருந்தேன். சித்தப்பா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு பேருடா" என்றார். மூத்தவரை ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களாம். திரும்பவில்லை. படம்கூட இல்லை. எங்கள் வீட்டில் அவர் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் எழுதினேன்.

3. கடற்பாலம் (சிங்கப்பூர்-மலேசியா எல்லை)

பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். ஜேப்பில் வைத்தால் மழையில் ஊறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம், சனிக்கிழமை விடியுமுன் கிளம்புங்கள். இன்சூரன்ஸ் தாளை ஒருமுறை படியுங்கள். சிங்கப்பூர் பாலிசிகள் பொதுவாக மேற்கு மலேசியாவுக்கும், எல்லை தாண்டித் தாய்லாந்தில் 80 கிலோமீட்டர் வரையும்தான் செல்லும்.

பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் பிடி உள்ள ரான் 95ஐத் தொடாதீர்கள். அது மானிய விலைப் பெட்ரோல், 2010 முதல் வெளிநாட்டு வண்டிகளுக்குத் தடை. ரான் 97தான் போட வேண்டும்.

4. சாலை

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பைக்குக்கு டோல் கிடையாது. சாவடியில் இடது ஓரத்துச் சந்து வழியே நிற்காமல் போகலாம். கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர், ஈப்போ இன்னும் 200. ஒரே நாளில் முடியும், ஆனால் முதுகு மன்னிக்காது. நான் தஞ்சோங் மாலிமில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பழைய சாலையில் சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று மெதுவாகப் போனேன். அது கொஞ்சம் சுற்றுதான். சொந்தம் பார்க்கப் போகிறவன் ஏன் லாரியோடு போட்டி போட வேண்டும்?

புதுப்போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுத்துவிடும், என்னுடையது கெட்டது. வழி பார்க்கப் பழைய போன் ஒன்றை ஒதுக்குங்கள். மழைக்கோட்டு சட்டை, கால்சட்டை என்று இரண்டு துண்டாக இருக்கட்டும். ஒரே நீள அங்கி காற்றில் பாய்மரம் ஆகிவிடும்.

5. நேரம் சொல்லாதீர்கள்

ஜாகா கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு, "பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன்" என்றேன். செமோர் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம். நாலு மணிக்குப் போனால், கோழிக்குழம்பு மூடியபடி இருக்கிறது, வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. "பசியாறிட்டியா?" என்று சித்தி கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டிருந்தேன். அதைச் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டேன். நீங்கள் "சாயங்காலம் வரேன், எனக்காகச் சமைக்காதீங்க" என்று சொல்லுங்கள். எப்படியும் சமைப்பார்கள், ஆனால் காத்திருக்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தமிழ் முஸ்லிம் நண்பர், எங்கள் வீட்டில் சாச்சா, சாச்சி என்றுதான் கூப்பிடுவோம், உங்கள் பட்டியல் உதவாது என்றார். சரிதான். உங்கள் வீட்டுச் சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேளுங்கள். இன்னொருவர், அப்பாவைவிட வயதில் சின்னவர், ஆனால் தாத்தாவின் அண்ணன் மகன், அவர் பெரியப்பாவா சித்தப்பாவா என்று கேட்டார். எங்கள் வீட்டில் வயதுதான் கணக்கு, எனவே சித்தப்பா. சில வீடுகளில் மூத்தவர் வழி என்று பெரியப்பா என்பார்கள்.

கடைசியாக, போகும்போது பையில் பாதியைக் காலியாக விடுங்கள். பிஸ்கட் டின், பாட்டியின் பழைய படங்கள், அவ்வளவு போதும். திரும்பும்போது நிரம்பிவிடும். சித்தி கொடுத்த மாங்காய் ஊறுகாய் ஜொகூரில் உள்ள மாச்சாப் வருவதற்குள் ஒழுகி, மழைக்கோட்டில் இன்னும் அந்த வாசம் இருக்கிறது. போத்தல் வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து, அதற்கு மேல் மூடியைத் திருகி, நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள்.